பியானோ இசையும் விவிலியப் பொருளும்

சமயப் பொருளை இசையில் அமைப்போர் பெரும்பாலும் சொல்லைத் துணைக்கொள்வர். பியானோவிற்கு அத்துணை இல்லை. விசையை அழுத்தியதும் சிறு சுத்தியல் ஒன்று கம்பியைத் தாக்குகிறது. பிறந்த ஒலி அக்கணமே தேயத் தொடங்குகிறது. குரல்போல் நீட்டவோ, வீணைபோல் ஒரு சுரத்தை மற்றொன்றோடு இழைக்கவோ அதனால் இயலாது. இத்தகைய கருவியில் விவிலியத்தின் பொருளை எங்ஙனம் அமைத்தல் கூடும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

பியானோ பரவுதற்கு முன்னரே இம்முயற்சி தொடங்கிவிட்டது. யோகான் குனாவ் என்பார் 1700-இல் விவிலியக் கதைகள் ஆறனை விசைக்கருவிக்கு அமைத்து லைப்சிக் நகரில் வெளியிட்டார். தாவீது கோலியாத்தை வென்ற கதை அவற்றுள் முதலாவது. அதில் இஸ்ரவேலரின் நடுக்கத்தைக் காட்டவேண்டிய இடத்தில், இடுக்கண் காலத்து வேண்டுதலாக மக்கள் நன்கறிந்திருந்த லூத்தர் பாடல் ஒன்றன் மெட்டினை அவர் வைத்தார். மெட்டைக் கேட்டவர் உள்ளத்தில் பாட்டின் சொற்கள் தாமே எழும். எனினும் அது போதும் என அவர் கருதவில்லை. பகுதிதோறும் தலைப்பும், கதைதோறும் உரைநடை விளக்கமும் சேர்த்தார். முன்வாயிலில் விலக்கப்பட்ட சொல் பின்வாயிலில் புகுந்தது எனலாம். 1863-இல் லிஸ்ட் இயற்றிய 'இரு புனைகதைகள்' பறவைகளின் ஒலியையும் அலைகளின் புரட்சியையும் அழகுறக் காட்டுவன. ஆயினும் அவை புனிதர் இருவரின் கதையோடு அமைகின்றன.

கதையைக் காட்டுதல் எளிது. கோட்பாட்டைக் காட்டுதல் அரிது. அவ்வரிய செயலில் முனைந்தவர் பிரெஞ்சு நாட்டு ஒலிவியே மெசியான் (1908–1992). பாரிஸில் மூவொருமைத் திருச்சபை எனப் பெயரிய கோயிலில் 1931 முதல் இறுதிவரை ஆர்கன் இசைத்தவர் அவர். 1944 மார்ச்சு முதல் செப்டம்பர் வரை, பாரிஸ் நகரம் செருமானியர் பிடியிலிருந்து விடுபட்ட அதே ஆண்டில், 'குழந்தை இயேசுவின்மீது இருபது நோக்குகள்' என்னும் பெருந்தொகுதியைப் பியானோவிற்கு இயற்றினார். முழுவதும் இசைக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகும். 1945 மார்ச்சு 26-ஆம் நாள் இவோன் லோரியோ அம்மையார் அதனை அரங்கேற்றினார்.

இருபதின் வரிசையிலும் ஆசிரியர் பொருள் வைத்தார். படைப்பைப் பற்றியது ஆறாவது; படைப்பு ஆறு நாளில் நிகழ்ந்ததாதலின். சிலுவையின் நோக்கு ஏழாவது. ஏழு நிறைவின் எண்ணாதலின். இவ்வெண்கள் செவிக்குப் புலனாவன அல்ல. ஆகலின் இவற்றை ஆசிரியரின் தனி வழிபாடாகக் கொள்வதன்றி இசையின் பொருளாகக் கொள்ளுதல் எமக்கு உடன்பாடன்று.

மூன்றாவதாகிய 'பரிமாற்றம்' அத்தகையதன்று. இறைவன் மாந்தனாயினன், மாந்தன் இறைநிலை எய்தற்பொருட்டு என்பது அதன் கோட்பாடு. அதில் ஒரு சிறு சுரத்தொடர் எத்துணை முறை வரினும் மாறாது நிற்கிறது. அதனை அடுத்து வரும் தொடர்களிலோ, ஒவ்வொரு முறையும் சில சுரங்கள் அரைச்சுர அளவு மேலேறுகின்றன, சில அவ்வாறே கீழிறங்குகின்றன, சில அசையா. ஆகவே இடைவெளிகள் அகன்று அகன்று, தொடக்கத்தில் கைக்குள் அடங்கிய தொடர் முடிவில் பேருருக் கொள்கிறது. மாறாதது இறைவன், வளர்வது மாந்தன் என்பது ஆசிரியர் குறிப்பு. தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்பினும், ஒன்று நிற்க மற்றொன்று வளர்தலை எவரும் உணர்வர். அவற்றின் பெயர்களை மட்டும் உணரார். இசை உறவைத் தருகிறது. பெயரைச் சொல் தருகிறது. குனாவ் சொல்லை வேண்டியதற்கும் மெசியான் வேண்டியதற்கும் உள்ள வேற்றுமை இதுவே என்பது எம் துணிபு.

இரண்டாவதாகிய விண்மீனுக்கும் ஏழாவதாகிய சிலுவைக்கும் ஒரே மெட்டு வருவதும் இம்முறையினதே. இயேசுவின் மண்ணுலக வாழ்வை முன்னது தொடங்கிவைக்கப் பின்னது முடித்துவைக்கிறது. பிறப்பைக் கேட்கும்போதே இறப்பும் கேட்கப்படுகிறது. அரங்கேற்றத்தின்பின் பாரிஸ் இதழ்களில் எழுந்த கடும் வழக்கில் மாற்றார் பெரிதும் குறைகூறியது ஆசிரியரின் விளக்கவுரைகளையே. சுரங்களின் இவ்வமைப்பை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்திலர்.

நம் நாட்டு இசைநூலோர் சிறப்பாகக் கருதத்தக்கது ஐந்தாவது, 'மகன்மீது மகனின் நோக்கு'. 13-ஆம் நூற்றாண்டினராகிய சாரங்கதேவர் தம் சங்கீத ரத்நாகரத்தில் தேசி தாளங்கள் 120 கூறினார். அவற்றின் பட்டியலைப் பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கண்ட மெசியான், இராகவர்த்தனம், சந்திரகலா, இலட்சுமீசம் என்னும் மூன்றனை இங்கு இணைத்தார். நமக்குத் தாளம் சுழன்று சுழன்று வந்து பாட்டைத் தாங்குவது. அவர்க்கோ அது காலவளவுகளின் வரிசை மட்டுமே. நம் மரபைக் கற்றார் என்பதனினும், ஒரு பட்டியலிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார் என்பதே பொருந்தும்.

எடுத்ததைக் கொண்டு அவர் செய்தது அரியது. மேற்குரல் அவ்வரிசையை இசைக்க, இடைக்குரல் அதே வரிசையை ஒவ்வோர் அளவும் ஒன்றரை மடங்காக நீட்டி இசைக்கிறது. இறைமகனும் பிறந்த குழந்தையும் ஒருவரே, இயல்பு இரண்டு என்னும் கோட்பாட்டிற்கேற்ப, வரிசை ஒன்று, நடை இரண்டு. தொடக்கத்தில் அருகருகே செல்லும் குரல்கள் செல்லச் செல்ல விலகுகின்றன. அவ்விரண்டற்கும் கீழே, தந்தையாகிய இறைவனுக்குரிய மெட்டு மிக மெதுவாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.