பேருக்குள்ளே ஒரு ஊரு!

மதிய சாப்பாடு முடிஞ்ச உடனே வர்ற தெர்மல் கிளாஸ். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகிட்டே தூங்கிட்டிருந்தோம். சார் போர்டில் பாய்லர் படம் போட்டு, பக்கத்தில் 'ராம்ஸ்பாட்டம் சேஃப்டி வால்வ்' என்று எழுதினார். அவ்வளவுதான்! கடைசி பெஞ்சில் யாரோ அந்தப் பெயரின் பின்பாதியை மட்டும் சத்தமாகப் படிக்க, மொத்த கிளாஸும் விழித்துக்கொண்டது. ரெண்டு நிமிஷம் ஒரே சிரிப்பு. நானும்தான் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

சிரிக்காத ஒரே ஆள் என் ரூம்மேட். "பேரை அச்சுல போட்ட, மவனே செத்த" என்று மிரட்டியிருப்பதால் போடவில்லை. குப்புசாமி, பிச்சைன்னு வைப்பாங்க இல்லையா, அந்த மாதிரி ஒரு பேர். முதல் வருஷம் முதல் நாள், எல்லோரும் எழுந்து நின்று பேர் சொன்னபோது அவனுக்குக் கிடைத்ததும் இதே சிரிப்புதான். அன்னிக்கும் நான் சிரிச்சேன்.

அன்று ராத்திரி அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. "ஏண்டா, அந்த வெள்ளைக்காரனுக்கு மட்டும் யாரு அந்தப் பேரை வெச்சா?"

நல்ல கேள்வி. தேட ஆரம்பிச்சேன். ராம்ஸ்பாட்டத்தில் தொடங்கி, நம்ம அண்ணா சாலையில் எல்லோருக்கும் தெரிஞ்ச ஒரு போர்டில் வந்து நின்னேன். ஹிக்கின்பாதம்ஸ்! புத்தகம் வாங்காதவங்ககூட பஸ்ஸில் இருந்து பார்த்திருப்பீங்க. அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. ஹிக்கின் + பாதம். இங்கிலாந்தில் இதையே பெரும்பாலும் 'ஹிக்கின்பாட்டம்' என்றுதான் எழுதுகிறார்கள். ஆமாம் பாஸ், ரெண்டும் ஒரே பேர். அதே பாட்டம்!

பாட்டம்னா என்ன?

வட இங்கிலாந்தில், லங்காஷயர், யார்க்‌ஷயர் பக்கமெல்லாம் மேடும் பள்ளமுமான நிலம். ரெண்டு குன்றுக்கு நடுவில், ஓடை ஓடுகிற அடிப்பகுதிக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர்தான் 'பாட்டம்'. நாம மலையடிவாரம் என்று சொல்கிறோமே, அதில் வரும் 'அடி' மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ரெண்டு வடிவம் இருந்தது. ஒன்று பாட்டம் ஆச்சு, இன்னொன்று பாதம் ஆச்சு.

நீங்கள் நினைத்துச் சிரிக்கிற அர்த்தம் இருக்கே, அது ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்குச் சில நூறு வருஷங்களுக்கு முன்பே இந்தப் பெயர்கள் எல்லாம் வந்தாச்சு. பேர் வைத்தவன்மேல் ஒரு தப்பும் இல்லை. பின்னாடி வந்த ஸ்லாங் செய்த வேலை!

இந்தக் குடும்பத்தில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சவங்க நிறைய. லாங்பாட்டம் என்றால் நீளமான பள்ளத்தாக்கு. ஹாரி பாட்டரின் நண்பன் நெவில் ஞாபகம் வர்றானா? விண்டர்பாட்டம் என்றால் குளிர்காலத்தில் ஆடு மாடு மேய்க்கிற பள்ளத்தாக்கு. சைடுபாட்டம் என்றால் அகலமான பள்ளத்தாக்கு. 2007இல் இந்திய அணிக்கு எதிராகப் பந்து வீசிய, சுருட்டை முடி ரயான் சைடுபாட்டம் இந்த வகை. எல்லோருக்கும் மேலே இயன் போத்தம்! 1980 பம்பாய் டெஸ்ட்டில் 114 ரன் அடித்து, 13 விக்கெட்டும் எடுத்த அதே போத்தம். முன்னால் எந்த ஒட்டும் இல்லாமல் வெறும் 'பள்ளத்தாக்கின் அடி' என்பதுதான் அவர் பெயர்.

நம்ம பாய்லர் ஹீரோ? ராம்ஸ்பாட்டம் என்ற ஊர், மான்செஸ்டருக்கு வடக்கே இன்றும் இருக்கிறது. காட்டுப் பூண்டு முளைக்கிற பள்ளம் என்கிறார்கள். கிடா மேய்ந்த பள்ளம் என்றும் சொல்வதுண்டு. அந்த ஊர்ப் பெயரைச் சுமந்த ஜான் ராம்ஸ்பாட்டம் (1814 - 1897) ரயில்வே இன்ஜினீயர். இஷ்டத்துக்குத் திருகி அழுத்தத்தை ஏற்றி விளையாட முடியாத சேஃப்டி வால்வைக் கொடுத்தவர். அவர் 1852இல் கொண்டுவந்த பிஸ்டன் ரிங்கின் வாரிசு உங்க பைக் இன்ஜினுக்குள்ளும் ஓடிட்டிருக்கு. பெட்ரோல் போடும்போது ஒரு வணக்கம் போடுங்க!

ஹிக்கின்பாதம் எந்த ஊரு?

இங்கிலாந்திலும் ஆதியில் சர்நேம் கிடையாது. ஜான், வில்லியம் என்று ஒத்தைப் பெயர்தான். 1066இல் நார்மானியர்கள் வந்து இறங்கினார்கள். நிலம் வைத்திருந்த பிரபுக்கள் முதலில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மெல்ல மெல்ல அது கீழே இறங்கியது. ஒரே கிராமத்தில் பத்து ஜான் இருந்தால் வரி வசூலிக்கிறவர் என்ன செய்வார், பாவம்? கொல்லன் ஜான் 'ஸ்மித்' ஆனான். ஜானின் மகன் 'ஜான்சன்' ஆனான். பழுப்பு நிறத்தான் 'பிரவுன்' ஆனான். இன்ன இடத்து ஜானுக்கு அந்த இடமே பெயராச்சு. தொழில், அப்பா, பட்டப்பெயர், ஊர். பெரும்பாலான ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் இந்த நாலில் ஒன்று. 1400 வாக்கில் இது பரம்பரைப் பெயராகக் கெட்டிப்பட்டுவிட்டது. 1538இல் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டதும் பெயர் எழுத்தில் ஏறியது.

ஹிக்கின்பாதம் நாலாவது வகை. லங்காஷயரில் போல்ட்டன் பக்கம் 'ஓக்கன்பாட்டம்' என்று ஓர் இடம். ஓக் மரப் பள்ளம். நம்ம ஊரில் புளியம்பள்ளம் என்று இருந்தால் எப்படியோ அப்படி. போல்ட்டனில் இன்றும் அந்தப் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அங்கே இருந்து வந்தவர்கள் ஓக்கன்பாட்டம் ஆனார்கள். உள்ளூர் வழக்கில் 'ஹிக்கின்' என்றால் வேறொரு மலை மரம். 'ஓக்கன்' வாய்க்கு வாய் மாறி அதோடு கலந்துவிட்டது என்கிறார்கள் பெயராய்வாளர்கள்.

கதை இதோடு முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஆள் பேரைச் சொல்ல, குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுத, ஹிக்கின்பாட்டம், ஹிகின்போத்தம், ஹெகின்பாதம், ஹிக்கின்பாதம் என்று பெயர் குட்டி போட்டுக்கொண்டே போனது. நம்ம ரேஷன் கார்டில் ஒரு பேர், டி.சி.யில் ஒரு பேர் இருக்கிற மாதிரிதான்!

எங்கே இருக்காங்க?

ஸ்மித் மாதிரி தொழில் பெயருக்கு ஊர் கிடையாது. கொல்லன் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் 24 லட்சத்துக்கும் மேல் ஸ்மித்துகள்! ஆனால் ஊர்ப் பெயர் அப்படி இல்லை. ஒரு விதையிலிருந்து முளைத்த மரம் மாதிரி, விழுந்த இடத்தைச் சுற்றியே இருக்கும். 1881 கணக்கெடுப்பை வைத்து வரைந்த பெயர் வரைபடங்களில் ஹிக்கின்பாட்டம் குடும்பங்கள் அடர்த்தியாக இருப்பது மான்செஸ்டரின் கிழக்குப் பக்கத்தில். லங்காஷயர், செஷயர், யார்க்‌ஷயர், டெர்பிஷயர் எல்லாம் கை கோத்துக்கொள்கிற இடம் அது. பக்கத்திலேயே பஞ்சாலைகள் வந்துவிட்டதால், பிழைப்புக்காகத் தூரதேசம் போகவேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. பெயர் பிறந்து அறுநூறு வருஷம் ஆகியும் சொந்த ஊரிலிருந்து பஸ் தூரத்தில்!

இதை ரத்தத்திலும் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து இன்னொரு பெயர் சைக்ஸ். சின்ன ஓடை என்று அர்த்தம். ஆக்ஸ்ஃபோர்டு மரபியல் பேராசிரியர் பிரையன் சைக்ஸ், தன் பெயர்க்காரர்கள் 48 பேரைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார். பெயரும் ஒய் குரோமோசோமும் ஒரே ரூட்டில், அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகின்றன. 48இல் 21 பேருக்கு ஒரே மாதிரி ஒய் குரோமோசோம். எங்கோ ஒரு ஓடைக்கரையில் நின்ற ஒரே தாத்தா! மீதி 27 பேர்? தத்துப் பிள்ளைகள், அம்மா வழிப் பெயர் எடுத்தவர்கள், சில ரகசியங்கள்... பெயர் ஒண்ணுன்னா ரத்தமும் ஒண்ணுன்னு அடிச்சுப் பேசுறவங்க இந்த 27ஐ ஞாபகம் வெச்சுக்கணும்.

கப்பல் ஏறிய பள்ளத்தாக்கு

கிளம்பிப் போனவர்களும் உண்டு. ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்தவர் என்று ஒரு கதை சொல்வார்கள். மிஷனரிகளின் புத்தகக் கடையில் வேலை பார்த்து, பிறகு அதையே வாங்கி, 1844இல் தன் பெயரில் நடத்த ஆரம்பித்தார். பிற்பாடு இந்த ஊரின் ஷெரீஃப்பாகவே ஆனார். அண்ணா சாலையின் அந்த வெள்ளைக் கட்டடம் 1904இல் வந்தது. லங்காஷயர் பள்ளத்தாக்கின் பேர் மவுன்ட் ரோடு போர்டில்!

அயர்லாந்து வழியாக ஆஸ்திரேலியா போன கிளையில் ஜார்ஜ் ஹிகின்போத்தம், விக்டோரியா மாகாணத்தின் தலைமை நீதிபதி. 1890இல் கப்பல் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தபோது, தொழிலாளர் நிதிக்கு 50 பவுண்டும், பிறகு வாரா வாரம் 10 பவுண்டும் தருவதாக வெளிப்படையாகவே எழுதிக் கொடுத்தவர். பதவியில் இருந்துகொண்டே!

அமெரிக்காவில் வில்லியம் ஹிகின்போத்தம். அணுகுண்டுத் திட்டத்தில் எலெக்ட்ரானிக்ஸ் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். 1958 அக்டோபரில், புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு போரடிக்கக்கூடாதே என்று, ஆஸிலோஸ்கோப் திரையில் ரெண்டு பேர் ஆடும் டென்னிஸ் விளையாட்டைச் செய்து வைத்தார். உலகின் முதல் வீடியோ கேம்களில் ஒன்று. பேடன்ட்கூட வாங்கவில்லை. அணு ஆயுதம் பரவாமல் தடுக்கத்தான் மிச்ச வாழ்நாளைச் செலவு செய்தார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது நாலாவது ஆள்.

பன்னிரண்டு பேர், ஒரு பரண்

அமெரிக்காவில் இந்தப் பேர் வெள்ளைக்காரர்களிடம் மட்டும் இல்லை. வர்ஜீனியாவில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய ஹிக்கின்பாதம்கள் இருந்தார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் பெயர் கிடையாது. முதலாளி பெயருக்குக் கீழே ஆணா பெண்ணா, வயது என்ன, நிறம் என்ன, அவ்வளவுதான். அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகு, 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் எல்லோரும் பெயரோடு பதிவானார்கள். பழைய முதலாளியின் குடும்பப் பெயரே பலருக்கு ஒட்டிக்கொண்டது. ஓக் மரத்தையோ லங்காஷயரையோ அவர்கள் பார்த்ததே இல்லை.

1944. லியான் ஹிக்கின்பாதம் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையன், இன்ஜினீயரிங் படிக்க பர்ட்யூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கே இருந்த கறுப்பின மாணவர்கள் 12 பேர். ஹாஸ்டலில் இடம் கிடையாது. ஒரு வீட்டின் பரணில், ஹீட்டர் இல்லாமல் படுக்கை. அந்த ஊர்க் குளிர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பையன் நேராகப் பல்கலைக்கழகத் தலைவரிடம் போய், கொஞ்சம் சூடான இடம் தரக்கூடாதா என்று கேட்டான். உங்களை ஹாஸ்டலில் சேர்க்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, இஷ்டமிருந்தால் இரு, இல்லையென்றால் கிளம்பு என்கிற மாதிரி பதில் வந்தது.

கிளம்பினான். இன்ஜினீயரிங்கை விட்டான். 'சட்டம் சொல்லவில்லை' என்றால் அந்தச் சட்டத்தையே படித்துப் பார்ப்போம் என்று யேல் சட்டக் கல்லூரிக்குப் போனான். 1964இல் ஃபெடரல் நீதிபதி. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி. அமெரிக்கச் சட்டம் கறுப்பினத்தவரை எப்படி அடிமையாக வைத்திருந்தது என்று 1978இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அந்தப் பரண் கதையை அதில் அவரே சொல்லியிருக்கிறார். 1995இல் நாட்டின் உயர்ந்த விருதான ஜனாதிபதி சுதந்திரப் பதக்கம்.

ஒரே பேர். ஒருவருக்கு அது பாட்டன் நின்ற மண். இன்னொருவர் சமூகத்துக்கு அது யாரோ கட்டிவிட்ட சங்கிலியின் மிச்சம். அந்தச் சங்கிலியையே எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தார் மனுஷன்.

நம்ம பக்கம் 1929இல், செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பாஸ்போர்ட் ஃபார்மில் 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்து நாம தலையைச் சொறிவதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கு பாஸ். சும்மா இல்லை.

இதையெல்லாம் ரூம்மேட்டிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அப்புறம் அவன் கதையைச் சொன்னான். அவனுக்கு முன்னால் பிறந்த ரெண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூணாவதாக இவன். எமன் கண்ணில் படக்கூடாது என்று ஆத்தா இவனைக் குப்பையில் போட்டு எடுத்து, யாருக்கும் வேண்டாத மாதிரி இந்தப் பேரை வெச்சிருக்கு. "நான் பொழைக்கணும்னு வெச்ச பேருடா இது" என்றான்.

ரெண்டு வருஷமா ஒரே ரூம். நான் கேட்டதே இல்லை.

உங்க கிளாஸிலும் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எல்லோரும் சிரிக்கிற ஒரு பேர் இருக்கும். நாளைக்கு டீக்கடையில் அவனுக்கு ஒரு டீ சொல்லுங்க. "மச்சி, உனக்கு ஏன் இந்தப் பேர் வெச்சாங்க?" என்று கேளுங்க. டீ ஆறிப்போகும், பரவாயில்லை. கேளுங்க!