கொய்யாத மலர்களுக்கு ஒரு பாதை

மலர் வளர்ப்பதையே கைங்கரியமாகக் கொண்டு வாழ்ந்த பெரியாழ்வாரின் ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரில், வடபத்ரசாயி சந்நிதிக்கும் ஆண்டாள் சந்நிதிக்கும் இடையே, துளசிச் செடியின் அடியில் அவர் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்ததாக ஐதிகம் கூறும் நந்தவனம் இன்றும் பேணப்பட்டு வருகிறது. மாலை தொடுக்கும் பொருட்டுப் பூ வளர்க்கும் அந்த மரபுக்கு நாள்தோறும் நீர் வார்க்கவும், களை நீக்கவும், பொழுது புலருமுன் மலர் கொய்யவும் ஆள் வேண்டும். அதே ஊருக்கு மேற்கே, செண்பகத்தோப்பை ஒட்டிய மலையடிவாரத்து மாந்தோப்புகளிலோ, அத்தனை பிரயாசையின்றி வேறொரு வகைப் பூந்தோட்டம் அமைக்கலாம்: மர நிழலினூடே வளைந்து செல்லும் ஓர் ஒற்றையடிப் பாதையும், அதன் இருமருங்கிலும் பறிப்பாரின்றி வண்டுக்கும் தேன்சிட்டுக்குமே விடப்பட்ட மலர்களும் அதற்குப் போதும்.

அந்த அடிவாரத்துக்கு அப்பால் இருப்பது, சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அமைக்கப்பட்டு, 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்ட வனம். தரையில் இறங்குவதை இயன்றவரை தவிர்த்து, கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே சஞ்சரிக்கும் சுபாவமுடையது அந்த அணில். ஆதலால், பாதைக்கு வெளிச்சம் வேண்டுமென்று தலைக்குமேல் பின்னிக் கிடக்கும் கிளைகளை வெட்டித் தள்ளுவோர், தோட்டத்துக்கு அழகு சேர்க்கும் உத்தேசத்திலேயே ஒரு ஜீவனின் ராஜபாட்டையை அறுத்துவிடுகிறார்கள். மரங்களுக்கேற்பப் பாதை வளைய வேண்டுமேயன்றி, பாதைக்காக மரங்கள் வளையலாகாது. செடிகளையும் வனத்திலிருந்து பிடுங்கி வரக் கூடாது. வேலியோரத்திலும் கண்மாய்க் கரையிலும் விதை வேண்டிய மட்டும் கிடைக்கும்.

ஆண்டில் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெற்று, அதிலும் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிக்கொண்டு, எஞ்சிய மாதங்களெல்லாம் காய்ந்து கிடக்கும் பிரதேசம் இது. எந்த வறட்சி அண்டையிலுள்ள சிவகாசியில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அனுகூலமாயிற்றோ, அதே வறட்சி மலைநகரத்து நாற்றங்கால்களிலிருந்து ஆசையோடு வாங்கி வரும் செடிகளை ஒரே சித்திரையில் கருக்கிவிடுகிறது. பராமரிப்புக் குறைய வேண்டுமானால், இந்த வெயிலைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிப் பழகிய செடிகளையே நாட வேண்டும்.

தோப்பின் வெளி ஓரத்தில், வெயில் நேரே விழும் இடத்தில், ஆவாரைக்கு முதலிடம் தரலாம். அதன் பொன்னிற மலரில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் நுனியில் துளையிட்ட குழல் போன்ற பைகளுக்குள் அடைபட்டிருப்பது. உலர்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டு, மலரைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, உடலை அதிரச் செய்து ரீங்கரிக்கும்போது, அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே பொடியாகக் கொட்டி அதன் வயிற்றில் அப்புகிறது. ஆகவே ஆவாரை நடுகிறவர், பட்டுப்போன ஒரு கட்டையையும் அருகில் கிடக்க விட வேண்டும்.

ஆவாரைக்குப் பக்கத்தில் தும்பையும் எருக்கும் இருக்கட்டும். எருக்கிலை வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு ஆகாரம். இலை நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகே அது மேயத் தொடங்குகிறது. நிழலுக்குள் சென்றால், ஆடு வாய் வைக்காத ஆடாதொடையும், கனகாம்பரமும் தக்கவை. கனகாம்பரத்தின் முற்றிய காய் நனைந்த மாத்திரத்தில் படீரென வெடித்து விதைகளைத் தொலைவில் எறிகிறது; நமத்தால் வெடிக்காத சரக்கைச் செய்யும் வட்டாரத்தில், நனைந்தால்தான் வெடிக்கும் பட்டாசு அது. மறுவருஷம் விதைக்கும் வேலையை அது தானே பார்த்துக்கொள்ளும். வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் செங்காந்தள் மழையோடு முளைத்து, இலை நுனியால் பற்றி ஏறி, பூத்து முடிந்து, கோடையில் கிழங்காக ஒடுங்கிவிடும். கிழங்கு முதல் விதை வரை கொடிய விஷமாதலால், குழந்தைகள் நடமாடும் தோப்பில் அதைத் தவிர்ப்பதே விவேகம். பட்டாம்பூச்சி மொய்க்கிறதே என்று உண்ணிச்செடியை மட்டும் கொண்டுவரலாகாது. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து அலங்காரத்துக்காக வந்த அது, மலைக்காடுகளில் பரவி நாட்டுச் செடிகளை நெருக்கி வருவது.

மூன்றடி அகலத்தில் பாதையை விட்டு, மாவின் வேர் அறுபடாதபடி மேலாகக் கிளறி, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்த ஆவாரை விதையையும் ஏனையவற்றையும் ஐப்பசி முதல் மழை பிடித்ததும் ஊன்ற வேண்டும். உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் செடியடியில் பரப்பினால், ஈரம் காக்கப்படும், களையும் அடங்கும். பட்டாசுக் கூடத்தை அடுத்த நிலத்தில் மட்டும் இந்த யோசனை கூடவே கூடாது. காய்ந்த புல்லும் சருகும் அங்கே பேராபத்து. முதலிரண்டு கோடைகளில் வாரம் ஒரு முறை தண்ணீர் காட்டிவிட்டால், பிறகு விதை உதிர்ந்தபின் வழியை மறைக்கும் கொப்புகளைக் கழிப்பது தவிர வேறு வேலை அதிகமிராது.

இதனால் தோப்புக்காரருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள், மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களுமே என்பதை நினைவுகூர வேண்டும். மழைக்காலம் முழுவதும் இந்தப் பாதையில் பசியாறிய பூச்சிக் கூட்டமே, தை மாசியில் மா பூக்கும்போது கிளைகளுக்கு ஏறுகிறது. தத்துப்பூச்சிக்காக மருந்தடித்தே தீர வேண்டுமென்ற நிலை வந்தால், தேனீக்கள் கூடு திரும்பிய அந்திப் பொழுதில், பாதையோரத்தை விலக்கி அடிப்பது, வனத்துக்கு மட்டுமன்றி மகசூலுக்கும் நல்லது.