எல்லோருக்கும் ஒரே வழி: யோகோஹாமா கப்பல் முனையம்

கப்பல் பயணிகள் முனையம் என்றதும் நம் மனதில் எழுவது கரையோரத்தில் நிற்கும் பெரிய கூடம். உள்ளே சுங்கச் சோதனை, நீண்ட வரிசைகள், காத்திருக்கும் இருக்கைகள். ஜப்பானின் யோகோஹாமா நகரிலுள்ள ஓசான்பாஷி பன்னாட்டுப் பயணிகள் முனையத்தின் படத்தை என் வகுப்பில் காட்டினால், "கட்டடம் எங்கே சார்?" என்றுதான் மாணவர்கள் கேட்கிறார்கள். மேடும் பள்ளமுமாகக் கடலுக்குள் நீளும் மரத்தளம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். முனையம் அந்தத் தளத்துக்குக் கீழே இருக்கிறது.

இதற்கான வடிவமைப்புப் போட்டியில் 1995ஆம் ஆண்டு வென்றவர்கள் இரண்டு இளம் கட்டடக்கலைஞர்கள். ஒருவர் ஈரானில் பிறந்த ஃபர்ஷித் மூசாவி, மற்றவர் ஸ்பெயினில் பிறந்த அலெஹாந்த்ரோ ஸாயரா போலோ. இருவருக்கும் அப்போது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். முனையம் 2002இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 430 மீட்டர், அகலம் 70 மீட்டர். விளையாட்டு மைதானத்தின் 400 மீட்டர் ஓடுபாதையை நேராக நீட்டினாலும் இதன் நீளத்தை எட்டாது.

திரும்பி வராத பாதை

கடலுக்குள் நீளும் துறைமேடையில் ஒரு சிக்கல் உண்டு. கடைசிவரை நடந்தால், வந்த வழியே திரும்ப வேண்டும். இதைத் தவிர்க்க, ஒன்றோடொன்று இணையும் வளையங்களாக இவர்கள் பாதைகளை அமைத்தனர். கீழே வாகன நிறுத்தம், அதற்கு மேல் பயணிகள் கூடம், உச்சியில் பூங்கா போன்ற கூரைத்தளம். இவற்றைப் பெரும்பாலும் படிகள் அல்ல, சாய்தளங்களே இணைக்கின்றன. மின்தூக்கிகளும் உண்டு. கூரையின் மரப்பலகைத் தளம் அப்படியே சரிந்து கூடத்துக்குள்ளும் நுழைகிறது. எது தரை, எது கூரை என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கூரைத்தளத்துக்குச் செல்லக் கப்பல் சீட்டு வேண்டியதில்லை. நகர மக்கள் அங்கே நடக்கிறார்கள், புல்வெளியில் அமர்கிறார்கள், நங்கூரமிட்ட கப்பலைப் பார்க்கிறார்கள். பயணிகளுக்காகக் கட்டியது ஊருக்கே பூங்காவாகவும் ஆனது.

மடிப்பில் இருக்கும் வலிமை

இந்தக் கூடங்களின் நடுவே தூண்கள் இல்லை. மடித்த எஃகுத் தகடுகளும், நீளவாக்கில் ஓடும் எஃகு உத்தரங்களும் சுமையைத் தாங்குகின்றன. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். காகித மடிப்புக் கலையான ஓரிகாமி அந்த நாட்டுக்குப் புதிதல்ல.

இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே ஒரு தாளைப் பாலம்போல வையுங்கள். தன் எடைக்கே அது தொய்ந்துவிடும். அதே தாளை விசிறிபோல மடித்து வைத்தால் சில பேனாக்களைக்கூடத் தாங்கும். தாளின் எடை கூடவில்லை. மடித்ததால் அதன் குறுக்குவெட்டின் உயரம் கூடியது, வளைவதை எதிர்க்கும் திறனும் கூடியது. மடிப்புகளின் உயரத்தை மாற்றி எத்தனை பேனாக்கள் நிற்கின்றன என்று மாணவர்களே அட்டவணையிடலாம்.

சாய்தளத்தின் கணக்கு

நம் நாட்டில் சாய்தளத்துக்குப் பரிந்துரைக்கப்படும் சரிவு 1:12. அதாவது 1 அடி உயர 12 அடி நீளம் வேண்டும். ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள நான்கு படிகளுக்கு மாற்றாகச் சாய்தளம் அமைத்தால் 7.2 மீட்டர் நீளம் தேவை. கோணம் 5 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. விகிதமும் முக்கோணவியலும் பாடநூலை விட்டு வெளியே வரும் இடம் இது.

ஆனால் யோகோஹாமா சொல்லும் முக்கியமான செய்தி கணக்குக்கு அப்பாற்பட்டது. அங்கே சாய்தளம் என்பது ஓரமாக ஒட்டவைத்த சலுகை அல்ல. பெட்டியை உருட்டி வரும் பயணி, குழந்தையைத் தள்ளுவண்டியில் அழைத்துவரும் தாய், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லோருக்கும் அதுவே வழி. சாய்தளத்தில் செல்வதால் அங்கே யாரும் தனியாகத் தெரிவதில்லை.

நம் பள்ளிகளிலும் சாய்தளங்கள் உள்ளன. மாணவர்களை அளவு நாடாவோடு அனுப்பி அவற்றின் உயரத்தையும் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சரிவு சரியா என்று அவர்கள் கணக்கிடட்டும். பிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இந்தச் சாய்தளம் எதுவரை போகிறது? வகுப்பறைக்கு மட்டுமா? ஆய்வகத்துக்கு, நூலகத்துக்கு, கழிப்பறைக்கு, விழா மேடைக்கு? மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்தால், சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்குக் கீழே இறங்கி வந்துதான் பரிசு தருகிறோம். நாம் அன்போடுதான் இறங்கி வருகிறோம். ஆனாலும் மற்றவர்கள் நின்ற மேடையில் அவள் நிற்கவில்லை.

மாணவர்கள் எடுக்கும் அளவுகளை ஒரு தாளில் வரைபடமாக்கி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்களையே பேசவையுங்கள். அடுத்த பழுதுபார்ப்புப் பணி தொடங்கும்போது அந்த வரைபடம் கையில் இருக்கட்டும்.