சக்கரம் சொன்ன சாட்சி

அடமானத்துக்கு வரும் சொத்தை வங்கியில் ஒரே ஒரு தாளை நம்பி ஏற்பதில்லை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கிறோம். சென்ற குளிர்காலத்தில் பழைய மிதிவண்டி ஒன்றின் முன் அமர்ந்தபோது இந்தப் பழக்கமே எங்களுக்குக் கைகொடுத்தது.

தில்லிக் கிளையில் உடன் பணிபுரியும் நண்பரின் தந்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்ஜி’. அவர் வீட்டு மாடிப்படியின் கீழே பல ஆண்டுகளாக ஒரு ராலே மிதிவண்டி சாய்ந்து கிடந்தது. “என் தந்தை 1938இல் வாங்கியது” என்று அவர் சொல்லக் கேட்டே பிள்ளைகள் வளர்ந்தார்கள். 85ஆம் பிறந்தநாளுக்கு அதைச் சீர்செய்து அவரிடம் அளிக்க வேண்டும் என்பது நண்பரின் ஆசை. அலுவலர்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கென ஒதுக்கினோம்.

முதல் சாட்சி, இரண்டாம் சாட்சி

பழைய வண்டி ஒன்றைச் சீர்செய்யுமுன் அது எது, எங்கே செய்யப்பட்டது, எப்போது செய்யப்பட்டது என்று அறிய வேண்டும். முன்புறக் குழாயில் நாரை உருவம் பொறித்த பித்தளைச் சின்னம் இருந்தது. அதில் நாட்டிங்காம் என்ற ஊர்ப்பெயரும் தெரிந்தது. ஆனால் சின்னத்தை ஒரு வண்டியிலிருந்து கழற்றி மற்றொன்றில் பொருத்துவது எளிது. மேலும், 1950களில் அசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை நம் நாட்டிலேயே வண்டிகளைச் செய்யத் தொடங்கியிருந்தது. ஆகவே ராலே என்ற பெயர் மட்டும் பிறந்த ஊரைச் சொல்லிவிடாது.

அடுத்துப் பெடல் அச்சு சுழலும் இடத்திலுள்ள கப்புகளைக் கழற்றினோம். பெரும்பாலான ஆங்கிலேய வண்டிகளில் அந்த மரை அங்குலத்துக்கு 24 சுற்று. ராலே மட்டும் 26 சுற்று என்ற தன் சொந்த அளவைப் பின்பற்றியது. பட்டறைக்காரரின் மரை அளவுத் தகட்டை வைத்துப் பார்த்தோம், 26. சின்னமும் பிரேமும் ஒத்துப்போயின. இந்த வேறுபாடு தெரியாமல் 24 மரைக் கப்பை முறுக்கி ஏற்றினால் பிரேமின் மரை கெட்டுவிடும். பழைய ராலேக்கு உதிரிபாகம் வாங்குவோர் மறக்கக் கூடாத எண் இது.

மூன்றாம் சாட்சி

பின்சக்கரத்தின் நடுவே இருந்தது ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் ‘ஏ.டபிள்யூ.’ வகை மூன்று கியர் ஹப். 1936இல் அறிமுகமான இவ்வகை ஹப்பின் மேற்புறத்தில், செய்யப்பட்ட ஆண்டையும் மாதத்தையும் எண்களாகப் பொறிப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். அழுக்கைத் துடைத்ததும் தெளிவாகத் தெரிந்தது: 52, 4. அதாவது 1952, ஏப்ரல்.

எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் அவர் சொல்லிவந்த ஆண்டைச் சக்கரம் மறுக்கிறதே! பழைய வண்டிகளில் ஈடுபாடுள்ள ஒருவர், “1938 முத்திரையுள்ள ஹப்பைத் தேடிப் பொருத்திவிடுங்கள். காலத்துக்கு ஏற்ற பாகம் என்றும் ஆகும், வீட்டாருக்கும் மனக்குறை இராது” என்றார். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் கணக்கு பொருந்தவில்லை என்பதற்காகப் பதிவையே மாற்றி எழுதுவதை எங்கள் தொழில் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. பிறந்தநாள் வியப்பு கெட்டாலும் சரியென்று மாஸ்டர்ஜியிடமே கேட்டோம்.

அவர் சற்றும் தயங்கவில்லை. “அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஒரு டாங்கா வண்டி ஏறி இதன் பின்சக்கரம் நசுங்கிப்போனது. என் தந்தைக்கும் காலில் அடி. அவர் எழுந்து நடந்த பிறகு முதலில் செய்த வேலை, புதுச் சக்கரம் போட்டதுதான்” என்றார். அவருக்கு ஆறாம் வகுப்பு 1952.

ஹப்பின் முத்திரை அந்த ஹப்பின் வயதைத்தான் சொல்கிறது. வண்டியின் வயதை அன்று. நாங்கள் அதை மாற்றியிருந்தால், ஒரு விபத்தையும் அதிலிருந்து மீண்ட ஒரு மனிதரையும் அவ்வண்டியின் வரலாற்றிலிருந்து நீக்கியிருப்போம்.

எதை மாற்றினோம், எதை விட்டோம்

அன்றே ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: ஓட்டுபவரின் பாதுகாப்புக்குத் தேவையானதை மாற்றுவது, மற்றதைக் காப்பது. டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், கிராங்கை இறுக்கும் காட்டர் பின் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டோம். 28 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல டயர் நம் நாட்டில் இன்றும் தயாராவதால் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் எளிதாகக் கிடைத்தது. பின்னாளில் யாரோ போட்ட பிளாஸ்டிக் பெடல்களுக்குப் பதிலாகப் பழைய ரப்பர்க் கட்டைப் பெடல்களைத் தேடிப் பிடித்தோம். கழற்றியவற்றை எறியாமல், பெயரெழுதிப் பெட்டியில் வைத்தோம்.

பெயின்ட் அடிக்கவில்லை. கறுப்புப் பூச்சின் மீதுள்ள பொன்னிறக் கோடுகளைத் தின்னரும் பெட்ரோலும் அழித்துவிடக்கூடும் என்பதால், சோப்பு நீரில் நனைத்த மென்துணியால் மட்டுமே துடைத்தோம். ஹப்பினுள் சிறு மூடி வழியாக மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டோம். இரண்டு நாளில் உள்ளே இறுகியிருந்த கியர்கள் இளகின. இரண்டாம் கியரில் வைத்து, அச்சுக்குள் செல்லும் சிறு சங்கிலியின் தண்டு அச்சு முனையோடு சமமாக நிற்குமாறு கம்பியைச் சரிசெய்ததும் மூன்று கியர்களும் பிடித்தன.

இத்தகைய வேலையில் இறங்கும் வாசகர்களுக்கு இரண்டு சொல். தொடங்குமுன் செலவுக்கு ஒரு வரம்பு எழுதிவையுங்கள். அரிய பாகத்தின் ஆசை வரம்பறியாது. பழைய வண்டியை விலைக்கு வாங்குவதானால், சின்னத்தைப் பார்த்து முன்பணம் தராதீர்கள். பிரேம், மரை, ஹப் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பிறந்தநாளன்று வண்டியுடன் ஒரு தாளையும் மாஸ்டர்ஜியிடம் கொடுத்தோம். வாங்கிய ஆண்டு 1938, குடும்பத்தார் கூற்று. பின்சக்கரம் 1952, ஹப் முத்திரைப்படி. டயரும் செயினும் இவ்வாண்டு. அவர் கண்ணாடியை உயர்த்தி வரிவரியாகப் படித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, 1952க்கு எதிரே தம் தந்தையின் பெயரை எழுதினார். வண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு நடந்தபோது ஹப்பிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி எழுந்தது. “இதே சத்தம்தான்” என்றார்.