நாட்பட்ட சிறுநீரக நோயில் இரத்த அழுத்த இலக்கு

நாட்பட்ட சிறுநீரக நோயில் இரத்த அழுத்த இலக்கு என்பது, அந்நோய் உள்ளவர்களின் இரத்த அழுத்தத்தைச் சிகிச்சையின் மூலம் எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். இது மில்லிமீட்டர் பாதரசம் என்னும் அலகில் கூறப்படுகிறது. 130/80 என்பதில் முதல் எண் இதயம் சுருங்கும்போதும், இரண்டாவது எண் இதயம் விரியும்போதும் உள்ள அழுத்தமாகும்.

இலக்கின் தேவை

உயர் இரத்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைச் சிதைக்கிறது. சிதைந்த சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடலில் தேக்குவதால் அழுத்தம் மேலும் உயர்கிறது. இந்நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் இடரும் அதிகம்.

இலக்கின் வளர்ச்சி

கேடிகோ எனப்படும் பன்னாட்டு அமைப்பு 2012 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், சிறுநீரில் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக அல்புமின் வெளியேறுவோருக்கு 140/90 எனவும், அதற்கு மேல் வெளியேறுவோருக்கு 130/80 எனவும் இலக்கு வகுக்கப்பட்டது.

2015 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. இதில் பங்கேற்ற 9,361 பேரில் கால் பங்கிற்கு மேற்பட்டோர் சிறுநீரக நோய் உள்ளவர்கள். சுருக்க அழுத்தத்தை 140க்குக் கீழ் வைத்த குழுவை விட, 120க்குக் கீழ் இலக்கு வைத்த குழுவில் இதய நோய்களும் இறப்பும் குறைந்தன. ஆயினும், சிறுநீரக நோய் முற்றுவது குறையவில்லை. தாழ் இரத்த அழுத்தமும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. நீரிழிவு நோயாளிகள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

இதனைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டு, 2021 ஆம் ஆண்டு கேடிகோ சுருக்க அழுத்த இலக்கை 120க்குக் கீழ் என மாற்றியது. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017 ஆம் ஆண்டு பரிந்துரைத்த இலக்கு 130/80க்குக் கீழ் என்பதாகும்.

அளக்கும் முறை

120 என்னும் இலக்கு, சீர்முறையில் அளக்கப்பட்ட அழுத்தத்திற்கு மட்டுமே பொருந்தும். நோயாளி ஐந்து நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருத்தல், முதுகு சாய்ந்தும் பாதங்கள் தரையில் ஊன்றியும் இருத்தல், கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்தல், பேசாதிருத்தல், பலமுறை அளந்து சராசரி காணுதல் ஆகியன இம்முறையில் அடங்கும். அவசரமாக அளக்கும்போது அழுத்தம் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். அவ்வெண்ணை 120க்குக் குறைக்க மருந்தைக் கூட்டினால், உண்மையான அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்து, தலைச்சுற்றலும் மயக்கமும் ஏற்படலாம்.

விதிவிலக்குகள்

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற வயது வந்தோருக்குக் கேடிகோ பரிந்துரைக்கும் இலக்கு 130/80க்குக் கீழ் என்பதாகும். இரத்தச் சுத்திகரிப்புப் பெறுவோருக்கு 120 என்னும் இலக்கு பொருந்தாது. எழுந்து நிற்கும்போது அழுத்தம் தாழ்வோருக்கும், தளர்ந்த முதியோருக்கும் மருத்துவர் தனித்தனியே இலக்கை முடிவு செய்கிறார்.