ஒற்றைப் பாதையும் ஒரு வில்லையும்

இறம்பொடைத் தோட்டங்களைச் சூழ வளர்ந்த நமக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவம் புதியதன்று. அங்கே ஒரே பேரேட்டில் இரு கணக்கப்பிள்ளைமார் எழுதுவதாகக் கொள்வோம். மொத்தம் 100 கிலோ. இருவரும் அதனை ஒரே வேளையிற் பார்க்கின்றனர். ஒருவர் 20 கூட்டி 120 என எழுதுகிறார். மற்றவர் தாம் முன்பு கண்ட நூற்றுடன் 15 கூட்டி, அதனை அடித்து 115 என எழுதுகிறார். எவர் கணக்கிலும் பிழையில்லை. ஆயினும் 20 கிலோ கொழுந்தும், அதைப் பறித்தவளின் உழைப்பும் ஏட்டினின்று மறைந்தன.

கணினியின் பணிசெயல் முறைமைக்கு உட்கருவாயுள்ள செய்நிரலிலும் இவ்விடர் உண்டு. பல முறைவழியாக்கிகள் ஒரே நினைவிடத்தைப் படித்து, மாற்றி, எழுதுகின்றன. இடையே மற்றொன்று புகுந்தால் கணக்குக் கெடும். இதனைப் போட்டி நிலை என்பர். ஆயிரம் முறை செவ்வனே நடந்து ஒருமுறை தவறுமாதலின், சோதனையில் இஃது எளிதில் அகப்படாது. 2007 இல் லினக்ஸ் உட்கருவில் நுழைந்த இத்தகைய பிழையொன்று 2016 இலேயே திருத்தப்பட்டது. ‘டேர்ட்டி கவ்’ எனப்பட்ட அப்பிழையாற் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது.

இதற்குப் பரிகாரம் யாது? 1874 இல் இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அண்மையில், ஒற்றைத் தண்டவாளத்தில் இரு புகையிரதங்களுக்கும் வழிவிடப்பட்டதால் அவை நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். அதன்பின் எட்வேர்ட் டயர் என்பார் வில்லை முறையை அமைத்தார். இரு நிலையப் பொறிகளும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு வில்லை வெளிவந்தால், அது மீளும்வரை வேறொன்று வாராது. வில்லையின்றிச் சாரதி புறப்படலாகாது. நானுஓயா வழியாகச் செல்லும் நம் மலைநாட்டுப் பாதையிலும் நெடுங்காலம் கையாளப்பட்ட முறை இதுவே.

உட்கருவிலுள்ள பூட்டும் அவ்வில்லை போன்றதே. பூட்டு வெறிதாயுள்ளதா எனப் பார்த்தலும் அதனை எடுத்தலும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாக நிகழ, முறைவழியாக்கியிலேயே தனிக் கட்டளை உண்டு. ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, 1960களில் தாம் வகுத்த காவல் முறைக்குப் புகையிரதக் கைகாட்டியின் பெயரையே இட்டமை ஈண்டு நினையத்தக்கது.

பூட்டுக்கும் ஒழுங்கு வேண்டும். பொதுத் தரவைத் தொடுவோர் அனைவரும் அதற்குரிய பூட்டை எடுத்தல் வேண்டும். ஒருவர் தவறினும் காவல் பயனற்றதாகும். இரு பூட்டுகள் தேவைப்படின் யாவரும் ஒரே வரிசையில் எடுத்தல் வேண்டும். அன்றேல் ஒருவர் கையிலுள்ளதற்கு மற்றவர் காத்து இருவரும் அசையாது நிற்பர். எடுத்த பூட்டை விரைந்து விடுதலும் வேண்டும். உட்கரு முழுமைக்கும் ஒரே பூட்டென 1996 இல் லினக்ஸ் தொடங்கிய முறை பாதுகாப்பானதாயினும் பலரையும் காக்கவைத்தது. சிறு பூட்டுகளாற் படிப்படியாக மாற்றப்பட்டு, 2011 இல் அது முற்றாக நீங்கியது.

கணக்கப்பிள்ளையர் இருவரும் நேர்மையாளரே. ஏட்டைக் கையாளும் ஒழுங்குதான் இல்லாதிருந்தது. நம் மாணவர் நாளை எழுதும் செய்நிரல்களில் எவருடைய 20 கிலோவும் மறையாதிருக்க வேண்டுமெனில், தனித்தனித் திறமையோடு அவ்வொழுங்கையும் அவர் கற்றல் வேண்டும்.