காம்பராவும் குடியும்: இலங்கை மலையகத் தோட்டங்களில் மக்கள்தொகை, உறைவிடம், வாழ்நிலை

ஆய்வுச் சுருக்கம்

இலங்கை மலையகத்தின் பெருந்தோட்டங்களில் வாழும் தமிழர் தம் உறைவிடத்தை 'லயம்' என்றும், அதில் ஒரு குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்ட அறையைக் 'காம்பரா' என்றும் வழங்கி வருகின்றனர். இச்சொற்களையும் இவற்றைச் சூழ்ந்துள்ள பிற வழக்குகளையும் மக்கள்தொகைத் தரவுகளோடும் சட்ட வரலாற்றோடும் இணைத்து நோக்கி, அங்கு உறைவிடம் உழைப்பின் ஓர் உறுப்பாக அமைந்த நிலையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் 'குடி' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்த குடியிருப்பு, குடியுரிமை ஆகிய இரண்டும் மலையக வரலாற்றில் பிரிந்து நின்றமையே அம்மக்களின் வாழ்நிலைச் சிக்கலுக்கு அடிப்படை என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மலையகத் தமிழர், லயம், காம்பரா, குடியிருப்பு, குடியுரிமை, காணி, வழக்குச்சொல்.

முன்னுரை

தமிழில் உறைவிடத்தைச் சுட்டும் சொற்கள் பெரும்பாலும் உறைவோரையும் சேர்த்துச் சுட்டுவன. இல் என்பதிலிருந்து இல்லாள், இல்லறம் ஆகியனவும், மனை என்பதிலிருந்து மனைவி, மனையாள் ஆகியனவும் தோன்றின. குடி என்னும் சொல் வாழிடம், குடும்பம், மரபு, நாட்டு மக்கள் என விரிந்த பொருட்களைக் கொண்டது. குடியிருப்பு, குடிமை, குடியுரிமை ஆகியன அதன் வழிவந்தவை. எனவே தமிழ் மரபில் உறைவிடமும் உறவும் உரிமையும் தம்முள் தொடர்புடையன எனலாம்.

மலையகத் தோட்டங்களில் இத்தொடர்பு வேறு வடிவம் பெற்றது. அங்கு உறைவிடத்தைச் சுட்டப் பயன்பட்ட முதன்மைச் சொற்கள் தமிழ் வேரின. அல்ல, உழைப்பை ஒழுங்குபடுத்திய நிருவாகத்தின் வழியாகவும் அயல்மொழித் தொடர்பின் வழியாகவும் வந்து நிலைத்தவை. மலையக இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சி.வி. வேலுப்பிள்ளை தம் புதினம் ஒன்றிற்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை இப்பின்னணியில் பொருள் பொதிந்தது. கூரையின் கீழ் வாழ்ந்தும் வீடற்றவர் என ஒரு சமூகம் தன்னைக் கருத நேர்ந்தது ஏன் என்னும் வினாவிற்கு மக்கள்தொகை, உறைவிட அமைப்பு, சட்டம், சொல்வழக்கு ஆகிய நான்கின் துணையோடு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

தோட்டம் என்னும் வாழிடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் அழைத்துச் செல்லப்பட்டனர். கோப்பிக் காலத்தில் அறுவடைப் பருவத்திற்கு வந்து திரும்புவோரே மிகுதி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக வளர்க்கத் தொடங்கினார். 1869இல் கோப்பியில் பரவிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அப்பயிரை அழித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஆகவே நிலையாகத் தங்கி உழைக்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. பெண்களின் உழைப்பு முதன்மை பெற்றது. பயிர் மாறியதால் மக்கள்தொகையின் இயல்பே மாறியது. ஆனால், பருவகாலத் தொழிலாளரை அடைத்துவைக்கப் போதுமெனக் கருதப்பட்ட வரிசை அறைகளே நிலைத்து வாழ வந்த குடும்பங்களுக்கும் உறைவிடமாகத் தொடர்ந்தன.

இலங்கையின் கணக்கெடுப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பகுக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே தங்கியுள்ள தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமலும் உள்ள பெருந்தோட்டம் தோட்டத்துறையாகக் கொள்ளப்படுகிறது. நாட்டுப்புறத்தில் அமைந்திருந்தும் தோட்டம் கிராமமாக எண்ணப்படுவதில்லை. மக்கள் வாழும் இடம் என்பதைவிடத் தொழிலாளர் தங்கும் பயிர்நிலம் என்பதே அதன் வரையறையாக உள்ளமை கருதத்தக்கது.

மக்கள்தொகை: எண்ணும் வகைப்பாடும்

கணக்கெடுப்புகளில் 'இந்தியத் தமிழர்' என்னும் வகைப்பாட்டில் பதிவானோர் 1911இல் ஏறத்தாழ 5.31 இலட்சம் பேர்; இது நாட்டு மக்கள்தொகையில் 12.9 விழுக்காடு. 1953இல் 9.74 இலட்சமாகவும் (12.0 விழுக்காடு), 1971இல் 11.75 இலட்சமாகவும் (9.3 விழுக்காடு) இத்தொகை இருந்தது. 1981இல் 8.19 இலட்சமாகக் குறைந்து 5.5 விழுக்காடாயிற்று. 2012இல் 8.40 இலட்சம், அதாவது 4.1 விழுக்காடு.

இவ்வீழ்ச்சியைப் பிறப்பு, இறப்பு ஆகியவற்றால் விளக்க இயலாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் வழி குடியுரிமை பெற்றவர் விண்ணப்பித்தோருள் சிறு பகுதியினரே. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9.75 இலட்சம் பேரைக் கணக்கிற் கொண்டு, 5.25 இலட்சம் பேரை இந்தியாவிற்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1.5 இலட்சம் பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரித்தது. ஒரே காம்பராவில் வாழ்ந்தோர் இரு நாட்டினராகப் பிரிந்த குடும்பங்களும் உண்டு.

வகைப்பாட்டின் பங்கும் இதில் உண்டு. குடியுரிமை பெற்றபின் தம்மை 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்துகொண்டோர் பலர். எனவே இந்தியத் தமிழர் எண்ணிக்கையும் தோட்டத்துறை மக்கள்தொகையும் மலையகத் தமிழர் தொகையும் ஒன்றல்ல. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும் ஆய்வுகள் பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

லயத்தின் அமைப்பு

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொடர். அறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு 'பத்துக் காம்பரா லயம்', 'இருபது காம்பரா லயம்' என்றும், இருப்பிடத்தைக் கொண்டு 'மேட்டு லயம்', 'பணிய லயம்' என்றும் பெயர்கள் வழங்கின. காம்பராவின் வழக்கமான அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 120 சதுர அடி. அதன்முன் 'இஸ்தோப்பு' எனப்படும் குறுகிய தாழ்வாரம் இருக்கும். பல லயங்களில் இரு வரிசைகள் நடுச்சுவர் ஒன்றை இருபுறமும் பகிர்ந்து நிற்கும். அத்தகைய காம்பராவில் பின்சுவரில் சன்னல் வைக்க வழியில்லை. வாயில் வழியே வரும் ஒளியும் காற்றுமே உண்டு.

அடுப்பு, உறக்கம், விறகு, படிப்பு, நோயாளி, பூப்பெய்திய பெண், மகப்பேறு, இறப்பு ஆகிய அனைத்திற்கும் இந்த 120 சதுர அடியே இடம். மகனுக்கு மணமானால் இஸ்தோப்பைத் தட்டியிட்டு மறைத்து மற்றோர் அறையாக்குவர். புழங்கும் நீருக்குப் பொதுவான 'பீலி', கழிவுநீருக்குக் 'கான்', பொதுக் கழிப்பிடம் ஆகியன லயத்தின் பிற உறுப்புகள். பீலிக்கரை பெண்களின் உரையாடற்களமாகவும், லயத்து வாசல் வாழ்வுச் சடங்குகளின் களமாகவும் விளங்கின. நெருக்கடிமிக்க இவ்வமைப்பினுள்ளும் அயலுறவும் கூட்டுவாழ்வும் வளர்ந்தன என்பது மறுக்கவியலாதது.

உறைவிட நலன் குறித்த தொடக்ககாலத் தலையீடுகள் தொழிலாளரின் உடல்வலிமையைக் காக்கும் நோக்கிலிருந்தே எழுந்தன. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், ராக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு 1916இல் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் சுகாதாரத்தில் மாற்றங்களைக் கொணர்ந்தன. ஆயினும் லயத்தின் அடிப்படை வடிவத்தை அவை மாற்றவில்லை.

சொற்கள் காட்டும் படிநிலை

'லயம்' என்பது வரிசையைக் குறிக்கும் லைன் என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். 'லயன்' என்றும் வழங்கும். குதிரை கட்டும் லாயத்தோடு இதனை இணைத்துப் பேசுவோரும் உளர். அது சொற்பிறப்பன்று, தம் உறைவிடத்தைப் பற்றி மக்கள் கொண்ட மதிப்பீடு எனக் கொள்ளலே பொருந்தும். 'காம்பரா' போர்த்துக்கீசிய மூலமுடையது. சிங்களத்தில் 'காமரய' என வழங்குகிறது. 'இஸ்தோப்பு' டச்சுச் சொல்லின் வழிவந்தது. தொழிலாளர் காலையில் கூடும் 'பிரட்டுக்களம்' படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடம் 'கொழுந்து மடுவம்'. தாய்மார் வேலைக்குச் செல்கையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் 'பிள்ளைக்காம்பரா'. குடும்பம் உறையும் அறைக்கும் குழந்தைக் காப்பகத்திற்கும் ஒரே சொல் வழங்குவது நோக்கத்தக்கது.

தோட்டத்தின் பதவிப் படிநிலை உறைவிடச் சொற்களிலும் அவ்வாறே வெளிப்படுகிறது. துரைக்குப் 'பங்களா', எழுத்தர் முதலிய அலுவலர்க்குக் 'குவார்ட்டர்ஸ்', தொழிலாளிக்குக் 'காம்பரா' என்பது வழக்கு. பங்களா மேட்டிலும் லயம் சரிவிலும் அமைவதுண்டு. இல், மனை ஆகிய சொற்களிலிருந்து உறவுப்பெயர்கள் பிறந்தமை முன்னர்ச் சுட்டப்பட்டது. தோட்டம் என்பதிலிருந்து வெளியார் நாவில் பிறந்ததோ 'தோட்டக்காட்டான்' என்னும் இழிவழக்கு. வாழிடமே ஒரு மக்களைத் தாழ்த்தும் சொல்லாக்கப்பட்டமைக்கு இது சான்று.

பெயர்ப்பதிவும் உறைவிட உரிமையும்

தோட்டத்தில் 'பேர் பதிதல்' என்பது தொழிலாளியாகப் பதிவு பெறுதலைக் குறிக்கும். காம்பரா கிடைப்பது இப்பதிவின் பயன். ஆகவே ஓய்வுபெற்ற பெற்றோர் அங்குத் தொடர்ந்து வாழக் குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் பேர் பதிந்திருத்தல் தேவை என்னும் எதிர்பார்ப்பு வேரூன்றியது. அடுத்த தலைமுறையின் தொழில் தேர்வையும் இது கட்டுப்படுத்தியது.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமையாளர் மாறியபோதெல்லாம் லயம் நிலத்தோடு சேர்த்தே கைமாறியது. அதில் வாழ்ந்தோர்க்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. வீட்டெண்ணோ தெருப்பெயரோ இன்மையால் அவர்களுக்குரிய கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, உள்ளூராட்சி நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குரிமை பெற்றபின்னும், தாம் தேர்ந்தெடுத்த சபை தம் வாசலுக்குப் பாதை அமைக்க இயலாத நிலை மூன்று பத்தாண்டுகள் நீடித்தது.

உறையும் இடத்தைத் தேரும் உரிமையின்மை உயிரிழப்புக்கும் காரணமாகும். 2014 அக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் நேர்ந்த மண்சரிவில் லயங்கள் புதையுண்டு பலர் மாண்டனர். ஆபத்தான சரிவு என அறிந்தாலும், வேலையோடு பிணைந்த உறைவிடத்தை விட்டு வேறிடம் செல்ல அம்மக்களுக்குச் சொந்தக் காணி இல்லை.

லயத்திலிருந்து தனிவீட்டிற்கு

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் சிக்கலைப் பெருமளவு தீர்த்தன. இதன்பின் கோரிக்கையின் மையம் குடியுரிமையிலிருந்து காணியுரிமைக்கு நகர்ந்தது. 2015 முதல் குடும்பத்திற்கு 7 பேர்ச்சஸ் காணியில் 'தனிவீடு' என்னும் கொள்கை வலுப்பெற்றது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்திற்கு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வீட்டின் பரப்பு 550 சதுர அடி. காம்பராவைவிட நான்கரை மடங்கிற்கும் மேல். தேவையோடு ஒப்பிட இத்தொகை சிறிது. பல குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன.

சொல்வழக்கிலும் இம்மாற்றம் புலப்படுகிறது. பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018இல் கையளிக்கப்பட்ட குடியிருப்பு 'மகாத்மா காந்திபுரம்' எனப் பெயர்பெற்றது. காம்பரா எண்ணிக்கையாலும் மேடு பள்ளத்தாலும் அறியப்பட்ட உறைவிடம் ஊர்ப்பெயர் பெறுவது சிறிய மாற்றமன்று. எனினும் காணி உறுதியும் அஞ்சல் முகவரியும் உள்ளூராட்சிப் பணிகளும் உடன் கிடைக்காவிடின், தனிவீடு என்பது தனித்து நிற்கும் காம்பராவாகவே எஞ்சும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. பருவகாலத் தொழிலாளர்க்கென அமைந்த உறைவிட வடிவம், மக்கள்தொகையின் இயல்பு மாறியபின்னும் மாறாமல் தொடர்ந்தமை மலையக வாழ்நிலை நெருக்கடியின் தோற்றுவாய். லயம், காம்பரா, பிரட்டுக்களம், பேர் பதிதல் முதலிய வழக்குகள் உறைவிடம் உழைப்பிற்கு உட்பட்டிருந்தமையைச் சட்ட ஆவணங்களுக்கு நிகராகக் காட்டும் சான்றுகள். அவை வழக்கொழியுமுன் தொகுக்கப்பட வேண்டியவை. குடியுரிமையை மீளப்பெற்ற மக்கள் குடியிருப்பு உரிமையை இன்னும் முழுமையாகப் பெறவில்லை. குடி என்னும் சொல்லில் தமிழ் ஒருங்கே வைத்துள்ள இவ்விரண்டும் அவர்தம் வாழ்வில் இணையும்போதே காம்பரா வீடாகும்.